வீட்டுச் சூரியகாந்தி விதை: உப்பில் வேகவைப்பதா, வெறுமனே வறுப்பதா, உடைத்துப் பருப்பெடுப்பதா?

தின்பதற்கென்றே சூரியகாந்தி வளர்ப்பவர்கள் குறைவு. பூவுக்காக வைத்து, பூ வாடியதும் கவிழ்ந்து தொங்கும் அந்தக் கனத்த தலையைப் பார்த்து "இதைத் தின்னலாமா?" என்று யோசிப்பவர்களே அதிகம். தாராளமாகத் தின்னலாம். எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடச் சொல்வார். இன்னொருவர் அதே தண்ணீரில் இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்வார். மூன்றாமவர் ஊறலும் வேண்டாம் வேகலும் வேண்டாம், வாணலியில் போட்டுப் புரட்டினால் போதும் என்பார். மூவர் சொல்வதும் பொய்யில்லை. ஒவ்வொருவர் கையில் இருந்த விதை வேறு, அவ்வளவுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பா, வாணலியா, ஓவனா என்ற விவாதத்தைவிடப் பெரிய வித்தியாசம் அதற்கு முந்தைய கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. அது எந்த ரக விதை, எவ்வளவு காய்ந்த விதை? இந்த இரண்டும் சரியாக இருந்தால் வறுப்பதில் கொஞ்சம் முன்பின்னாகப் போனாலும் ருசி தப்பிவிடும். காயாத விதையை எத்தனை பக்குவமாக வறுத்தாலும் அது வெந்த மாவு மாதிரிதான் வாயில் ஒட்டும்.

கறுப்பா, வரி போட்டதா

தலையிலிருந்து நாலைந்து விதைகளை உதிர்த்துப் பாருங்கள். சிறியதாக, முழுக்கக் கறுப்பாக, ஓடு பருப்போடு ஒட்டிக்கொண்டு இருந்தால் அது எண்ணெய் ரகம். பெரியதாக, கறுப்பு வெள்ளை அல்லது சாம்பல் வரிகளோடு, குலுக்கினால் உள்ளே பருப்பு அசைவது தெரிகிற மாதிரி இருந்தால் அது கொறிக்கும் ரகம். "மாமத் கிரே ஸ்ட்ரைப்" போன்ற பழைய ரகங்கள் இந்த இரண்டாவது கூட்டம். "பெரெடோவிக்" போன்றவை முதல் கூட்டம்.

இந்தப் பிரிவினை இயற்கையில் தானாக வந்ததில்லை. ரஷ்யாவின் கிராஸ்னோதாரில் வாசிலி புஸ்தவோய்த் என்ற பயிர் ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுக்கத் தேர்வு செய்து தேர்வு செய்து, முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த எண்ணெய் அளவை ஐம்பது வரை கொண்டுபோனார். எண்ணெய் ஏறியபோது ஓடு மெலிந்தது. இன்றைய எண்ணெய் ரகத்தில் விதை எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் ஓடு. கொறிக்கும் ரகத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேலேயே ஓடு.

மேலோட்டமாகப் பார்த்தால் எண்ணெய் ரகம்தான் லாபம் என்று தோன்றும். பருப்பு அதிகம், ஓடு குறைவு. ஆனால் தின்கிறவருக்கு அந்த மெல்லிய ஓடுதான் தொல்லை. பருப்போடு ஒட்டியிருப்பதால் பல்லில் கடித்தால் இரண்டாகப் பிளக்காமல் நொறுங்கும். ஓட்டுத் துணுக்கும் பருப்பும் கலந்து வாயில் குழம்பும். வரி விதையின் ஓடு தடித்திருந்தாலும் உள்ளே காற்றிடம் இருப்பதால் ஒரே கடியில் வாய் பிளந்து பருப்பைத் தள்ளிவிடும். எனவே முதல் முடிவு இதுதான். வரி விதை இருந்தால் கீழே வருகிற எல்லா வழிகளும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. கறுப்பு விதை இருந்தால் ஓட்டோடு கொறிக்கும் ஆசையை விட்டுவிட்டு, உடைத்துப் பருப்பெடுப்பது, முளைக்கவைத்து இளநாற்றைக் கீரையாகத் தின்பது என்ற இரண்டைப் பற்றி யோசியுங்கள். மூன்றாவது வழி பறவைகளுக்குப் போடுவது. அவற்றுக்கு மெல்லிய ஓடு தொல்லையே இல்லை.

அலங்காரப் பூவுக்கென்று விற்கும் மகரந்தமில்லா ரகங்களை வைத்தவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் மகரந்தமுள்ள வேறு சூரியகாந்தியும் தேனீயும் இருந்தால் விதை பிடிக்கும். இல்லையென்றால் பெரும்பாலும் பொக்குதான். நல்ல ரகத்திலும் தலையின் நடுப்பகுதியில் பொக்கு இருக்கும். பூக்கள் வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கி மலர்வதால் நடுவுக்கு வரும்போது செடிக்குச் சத்தும் சரக்கும் தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடலாம். சூரியகாந்தி மண்ணில் உள்ள காட்மியத்தை இழுத்து விதை வரை கொண்டுபோகக்கூடிய பயிர். பழைய தொழிற்சாலைக் கழிவு, பேட்டரிக் குப்பை விழுந்த நிலம் என்ற சந்தேகம் இருந்தால் பூவை மட்டும் ரசியுங்கள். அதேபோல், விதைப்பதற்கென்று மருந்து தடவி விற்ற பாக்கெட்டில் மிச்சம் இருப்பதைக் கொண்டுவந்து வறுக்கக் கூடாது. அதை முளைக்கவைத்து வளர்ந்த செடியின் விதைதான் உணவு.

செடியிலேயே காயவிடுவதா, முன்பே அறுத்துவிடுவதா

இதழ் உதிர்ந்து தலை கவிழ்ந்ததும் விதை தயார் என்று நினைக்கத் தோன்றும். அப்போது ஓட்டுக்குள் பருப்பு பாதிகூட நிறைந்திருக்காது. பார்க்க வேண்டிய இடம் தலையின் முதுகு. பச்சையாக இருந்தது மஞ்சளாகி, சுற்றியுள்ள பச்சைச் செதில்களின் ஓரம் பழுப்பாக ஆரம்பித்தால் செடி விதைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டது என்று பொருள். பூத்ததிலிருந்து ஏறக்குறைய 30 முதல் 45 நாள். அந்தக் கட்டத்தில் விதையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஈரம்தான். அதற்குப் பிறகு செடியில் நிற்பதால் விதை பெருப்பதில்லை, காய மட்டுமே செய்கிறது.

இது தெரிந்தால் தேர்வு எளிதாகிவிடும். மஞ்சள் முதுகு வந்தபின் செடியில் விடுவது, வெயிலையும் காற்றையும் காயவைக்கும் வேலைக்கு அமர்த்துவது மட்டுமே. வானம் வெளுத்து, காற்று வறண்டு இருக்கும் பருவமென்றால் அதைவிடச் சுலபமான வழி இல்லை. முதுகு முழுக்கப் பழுப்பாகி, விரலால் தேய்த்தால் முகத்திலுள்ள உலர்ந்த சிறுபூக்கள் உதிர்ந்து, விதை தானாகக் கழன்று வரும்வரை விட்டுவிடலாம். ஆனால் கிளிக்கும் அணிலுக்கும் அந்தத் தேதி உங்களுக்கு முன்பே தெரியும். தலையை மெல்லிய பருத்தித் துணியாலோ வலையாலோ மூடிக் கட்டலாம். காகிதப் பையும் நன்று, முதல் மழை வரை. பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

மழை வரும் வாய்ப்பிருந்தால், அல்லது பறவைகள் ஓரத்தைக் கொத்த ஆரம்பித்துவிட்டால், மஞ்சள் முதுகிலேயே ஒரு முழம் தண்டோடு அறுத்துவிடுவதுதான் என் பரிந்துரை. விதையில் ஒன்றும் குறையாது. உள்ளே கொண்டுவந்தபின்தான் அடுத்த கேள்வி. தலையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதா, உடனே விதையை உதிர்ப்பதா?

தொங்கவிடுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உள்ளங்கையளவு தலைகளுக்கு அது சரி. தட்டளவு பெரிய தலைகளின் கதை வேறு. முகம் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் முதுகில் உள்ள பஞ்சுபோன்ற சதை நாட்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அந்தச் சதையிலிருந்தே பூஞ்சணம் கிளம்பி விதைகளின் அடிப்பக்கத்துக்கு வந்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது. பெரிய தலை, ஈரக் காற்று என்ற சேர்க்கை இருந்தால் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் இரண்டொரு நாளில் விதையை உதிர்த்து, தலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, விதையை மட்டும் பரப்பிக் காயவைப்பது நல்லது. இரண்டு தலைகளை முகத்துக்கு முகம் வைத்துத் தேய்த்தால் உதிரும். கம்பிச் சல்லடை மேல் தேய்த்தால் இன்னும் வேகம்.

உதிர்க்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதற்கு நடுவே ஒழுங்கற்ற வடிவில் கறுப்புக் கட்டிகள் இருந்தால் அது ஸ்க்ளெரோட்டினியா என்ற தலையழுகல் பூஞ்சை. அந்தக் கட்டிகள் விதையைப் போலவே இருந்து ஏமாற்றும். நல்ல விதையாகப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஆசைப்படாமல் தலையோடு எறிந்துவிடுங்கள். எங்காவது முக்கல் வாடை வந்தாலும் அப்படித்தான். எண்ணெய் விதைகளில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுக்கிற சூடு அதை முழுதாக அழிப்பதில்லை. "வறுத்தால் சரியாகிவிடும்" என்ற சமாதானத்துக்கு இங்கே இடமே கிடையாது.

எது காய்ந்த விதை

வெயில், மின்விசிறி, டீஹைட்ரேட்டர் என்ற உலர்த்தும் மின்கருவி மூன்றும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டு சேர்க்கும். வெயிலில் நாட்கணக்கு, இரவில் உள்ளே எடுக்க மறக்கக் கூடாது. மின்விசிறிக் காற்றில் ஒற்றை அடுக்காகப் பரப்பி நாளுக்கு இருமுறை கிளறினால் போதும். டீஹைட்ரேட்டரில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் முடியும். வேகம் வேண்டுமென்று சூட்டைக் கூட்டினால் ஓடு காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். அதனால் என் தேர்வு மின்விசிறி. மேகம் மூடினாலும் நிற்காது, சூட்டாலும் கெடுக்காது.

முடிந்ததா என்று அறிய ஒரு விதையை உடைத்துப் பருப்பை விரலால் வளையுங்கள். வளைந்தால் இன்னும் ஈரம். "டக்" என்று முறிந்தால் பதம். சந்தேகம் தீரவில்லையென்றால் கொஞ்சம் விதையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் உள்ளே பனி படிந்திருந்தால் மறுபடியும் பரப்ப வேண்டியதுதான். கையில் சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் சுலபம்: ஒரு சிறு பையை நாளும் எடை போட்டு, எடை இறங்குவது நின்ற நாளில் நிறுத்தலாம். சேமிப்புக் கிடங்குகளில் எண்ணெய் ரகத்தை எட்டு சதவீதத்தை ஒட்டிய ஈரத்துக்குக் கொண்டுவந்த பின்பே நீண்ட நாள் வைக்கிறார்கள்.

ஓட்டோடு கொறிப்பதா, பருப்பாகவா

உண்மையான பிரிவு இங்கேதான் இருக்கிறது. நேரம், உப்பு, சேமிப்பு எல்லாமே இந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்து வரும்.

ஓட்டோடு வறுப்பதில் வேலை உங்கள் கையைவிட்டு உண்பவரின் பல்லுக்குப் போய்விடுகிறது. பொழுதுபோக்காகக் கொறிப்பவர்களுக்கு அது வேலையே இல்லை, பாதி சுகமே அதில்தான். மெதுவாகத் தின்பதால் அளவும் தானாக மட்டுப்படும். நூறு கிராம் பருப்பில் ஏறக்குறைய 580 கலோரியும் 50 கிராம் கொழுப்பும் இருக்கும்போது அது சின்ன விஷயமில்லை. மறுபக்கம், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஓட்டோடு கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து ஒன்று. ஓட்டோடு மென்று விழுங்கும் பிள்ளைகளுக்கு அந்த நார் குடலில் கட்டியாகத் திரண்டு மருத்துவமனை வரை போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஓடு துப்புவதற்கு, விழுங்குவதற்கில்லை.

பருப்பாக எடுப்பது சமையலில் போட, தூவ, அரைக்க வசதி. விலை உங்கள் மாலைநேரம். கடைப் பருப்பு சல்லிசாகக் கிடைப்பதற்குக் காரணம், ஆலைகளில் விதையைச் சுழற்றி அடித்து உடைத்து, காற்றால் ஓட்டை ஊதி, அளவு வாரியாகச் சலித்துவிடுகிறார்கள். வீட்டில் அதையே கையால் செய்கிறோம்.

வழிகள் மூன்று. சப்பாத்திக் கட்டையை விதைமேல் அழுத்தி உருட்டுவது ஒன்று; கட்டுப்பாடு நன்று, வேகம் இல்லை. மாவரைக்கும் கைத்திரிகையின் இடைவெளியைக் கூட்டி வைத்து விதையை விடுவது இரண்டாவது; திரிகை இருப்பவர்களுக்கு அதுவே சிறந்தது. மிக்ஸியில் ஒரு கைப்பிடி போட்டு ஒரு நொடி, ஒரு நொடி என்று விட்டுவிட்டு ஓட்டுவது மூன்றாவது. நாலைந்து தட்டுக்கு மேல் போனால் ஓடும் பருப்பும் சேர்ந்து தவிடாகிவிடும்.

எந்த வழியானாலும் முதலில் சலித்துப் பெரியது, சிறியது என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் ஒரே அழுத்தத்தில் ஒன்றுபோல் உடையும். விதை எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு சுத்தமாக ஓடு பிளக்கும். காய்தல் பற்றி மேலே அவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

உடைத்தபின் பிரிப்பதிலும் இரண்டு கட்சி. தண்ணீரில் கொட்டினால் ஓடு மிதக்கும், பருப்பு மூழ்கும். வேடிக்கையாகவும் சுத்தமாகவும் இருக்கும். ஆனால் கஷ்டப்பட்டுக் காயவைத்த பருப்பு மறுபடி நனைந்துவிடுகிறது. உடனே வறுக்கப்போகிறீர்கள் என்றால் பரவாயில்லை, சேமிக்கப்போகிறீர்கள் என்றால் தண்ணீர் வழி வேண்டாம். முறத்தில் புடைப்பதோ, மின்விசிறி முன் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவதோ மேல். சில ஓட்டுத் துணுக்குகள் தப்பி நிற்கும், கையால் பொறுக்கலாம்.

கணக்கு இப்படி: வரி விதை ஒரு கிலோவில் பருப்பு அறுநூறு கிராமைத் தாண்டாது. வீட்டு முறையில் உடைந்தது, தூளானது போனால் பாதி கிடைத்தாலே நல்ல அறுவடை. ஒன்றிரண்டு தலை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த உழைப்பு கட்டாது. ஓட்டோடு வறுத்துவிட்டுப் போகலாம். கறுப்பு விதை நிறைய விளைந்தவருக்கு வேறு நல்ல வழி இல்லாததால் கட்டும்.

பருப்பை வறுத்து விழுதாக அரைப்பவர்களுக்கு ஒரு பக்கச் செய்தி. அந்த விழுதைச் சமையல் சோடா சேர்த்த பிஸ்கட்டிலோ கேக்கிலோ போட்டால் ஆறியபின் உள்ளே பச்சையாக மாறியிருக்கும். பூஞ்சணம் என்று பயந்து கொட்ட வேண்டாம். பருப்பில் இயல்பாக உள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேரும்போது வரும் நிறம் அது. உண்பதற்குக் கெடுதல் இல்லை. நிறம் பிடிக்காவிட்டால் சோடாவைக் குறைத்துக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் போதும்.

உப்பு: ஊறல், வேகல், மேலே தூவல்

ஓட்டோடு வறுக்கும்போது உப்பு உள்ளே போக வேண்டுமென்றால் தண்ணீர் தேவை. பரவலாகச் சொல்லப்படும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 முதல் 70 கிராம் வரை உப்பு. முதல் முறை செய்பவர் கீழ்ப்பக்க அளவில் தொடங்குவது நல்லது. கூட்டிக்கொள்ளலாம், குறைக்க வழியில்லை.

இரவு முழுக்க ஊறவைத்தால் உப்பு ஓட்டில் நன்றாக ஏறி, பருப்பில் இலேசாகத் தங்கும். கொறிக்கும்போது நாக்கில் முதலில் உப்பு, பிறகு விதையின் சொந்த ருசி. அடுப்பு எரிய வேண்டாம், பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மிதக்கும் விதைகளைக் கிளறிவிட்டு, அவை கரைசலுக்குள் அமுங்க மேலே ஒரு தட்டை வைத்தால் சரி. கிளறியபின்னும் அடம்பிடித்து மிதப்பவற்றில் பொக்கு அதிகம்.

வேகவைப்பது அவசரத்துக்கு. மெல்லிய கொதியில் இருபது நிமிடம் விட்டாலே இரவு ஊறலுக்குச் சமமாக உப்பு பிடித்துவிடும். பழைய குறிப்புகளில் இரண்டு மணி நேரம் என்று இருக்கும். அப்படிச் செய்தால் உப்பு பருப்பின் நடுவரை போகும், பருப்பும் வெந்து மென்மையாகும். பிறகு அதை மொறுமொறுப்பாக்க ஓவனில் நீண்ட நேரம் வேண்டும். நடுவில் ஈரம் நின்றுவிட்டால் இரண்டே நாளில் நமத்துப்போகும். பருப்பும் உப்பாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்த நீண்ட வேகல். எனக்கு இரவு ஊறல் போதும்.

இரண்டிலும் பலர் தாண்டிவிடும் படி ஒன்று உண்டு. வடித்த விதையை ஓவனுக்கு நேரே அனுப்பாமல் துணியில் பரப்பி மேல் ஈரம் போகும்வரை காயவிட வேண்டும். நனைந்த ஓட்டோடு உள்ளே போனால் முதல் கால் மணி நேரம் வறுபடாமல் ஆவியில் வேகும், ஓடு தோல் மாதிரி இழுபடும்.

பருப்புக்கு இந்தக் குளியல் எதுவும் தேவையில்லை. வறுத்த பருப்பில் பொடியுப்பைத் தூவினால் ஒட்டாமல் அடியில் தங்கும் என்பதுதான் குறை. அதற்கு எண்ணெய் விட்டுப் புரட்டுவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது வேறு: இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பருப்பு சூடேறிச் சிவக்கத் தொடங்கும்போது தெளித்துக் கிளறுங்கள். "சுர்" என்று தண்ணீர் போய் உப்பு வெள்ளைப் படலமாகப் பருப்பின் மேலேயே நின்றுவிடும். குறைந்த உப்பில் அதிக ருசி.

உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தால் முடிவு சுலபம். உப்பில்லாத பருப்பில் நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம்கூட சோடியம் இல்லை. உப்பு ஏற்றிய ஓட்டைச் சப்பிக் கொறிக்கும்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் கணக்கிட முடியாது. அவர்களுக்குப் பருப்புதான்.

வாணலி, ஓவன், மைக்ரோவேவ்

பருப்புக்கு வாணலி, ஓட்டு விதைக்கு ஓவன். இதற்கு மாறாகச் செய்யப் பெரிய காரணம் இல்லை.

பருப்பு அடிகனமான வாணலியில், மிதமான தீக்கும் கீழே, கை நிற்காமல் கிளறினால் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் பொன்னிறமாகும். எண்ணெய் வேண்டாம், அதற்குள்ளேயே போதுமானது இருக்கிறது. வாசனை எழும்பி, நாலில் ஒன்று நிறம் மாறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளே தங்கிய சூட்டில் அது வறுபட்டுக்கொண்டே போகும். வாணலியிலேயே முழு நிறம் வரும்வரை காத்திருந்தால் தட்டில் கசப்பாக வந்து சேரும்.

ஓட்டு விதையை வாணலியில் வறுத்தால் தொடும் பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாக நிற்கும். ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, ஊறவைத்ததென்றால் 30 முதல் 40 நிமிடம். உலர்ந்ததென்றால் இருபது நிமிடத்திலிருந்தே ஒன்றை எடுத்து உடைத்துச் சுவைத்துப் பார்க்கத் தொடங்குங்கள். ஓட்டின் நிறத்தை நம்பி நிறுத்த முடியாது. உள்ளே பருப்பு வெளிர் பொன்னிறம் காட்ட வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் வாணலியில் உப்பையோ சுத்தமான மணலையோ சூடாக்கி அதற்குள் விதையைப் போட்டுப் புரட்டிச் சலித்தெடுத்தால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பாயும்.

மைக்ரோவேவ் ஒரு கைப்பிடிக்கு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கிளறினாலும் சில இடம் கருகும், சில இடம் அப்படியே இருக்கும். அவசரம் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

வறுக்காமலே

உலர்ந்த பருப்பைப் பச்சையாகவே தின்னலாம். வறுத்ததன் வாசனை இருக்காது, இளம் இனிப்பு இருக்கும். சூட்டால் குறையும் வைட்டமின் ஈ பச்சைப் பருப்பில் அதிகம் மிஞ்சும். நூறு கிராமில் 35 மில்லிகிராம் அளவுக்கு இருப்பதால் வறுத்ததிலும் குறைவில்லை. ஆகவே அதை ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. திறந்த வெளியில் நின்ற தலையில் பறவை எச்சமும் தூசியும் படிந்திருக்கும் என்பதால், பச்சையாகத் தின்ன நினைத்தால் ஓட்டோடு இருக்கும்போதே நன்றாகக் கழுவிக் காயவைத்து, பிறகு உடைப்பது நல்லது. ஆறேழு மணி நேரம் ஊறவைத்த பருப்பு மென்மையாகி அரைக்க வாகாக இருக்கும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கறுப்பு விதைக்குச் சொன்ன இளநாற்றுக் கீரை இங்கே வரும். ஓட்டோடு ஊறவைத்துத் தட்டில் மண்பரப்பி நெருக்கமாக விதைத்தால், இரு விதையிலைகள் விரிந்ததும் கத்தரித்து அப்படியே சாப்பிடலாம். மெல்லிய ஓடு தானாகக் கழன்று விழும். கொறிப்பதில் தோற்ற அந்த ஓடு இதில் வரி விதையை ஜெயித்துவிடுகிறது.

எந்த நிலையில் சேமிப்பது

மொத்த விதையையும் ஒரே நாளில் வறுத்து ஜாடிகளில் அடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத்தான் முதலில் தடுப்பேன். சாதாரண சூரியகாந்தியின் எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி. அது காற்றோடு சேர்ந்து சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும் வகை. வறுத்தல் அந்த வேகத்தைக் கூட்டுகிறது, உடைத்தல் இன்னும் கூட்டுகிறது. உடையாத ஓடுதான் இருப்பதிலேயே நல்ல உறை.

ஆகவே உலர்ந்த விதையை ஓட்டோடு, வறுக்காமல், காற்றுப்புகாத பாத்திரத்தில் குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள், மாதக்கணக்கில் நிற்கும். ஃப்ரீசரில் இடம் இருந்தால் அடுத்த அறுவடை வரைகூட. உடைத்த பருப்பு குளிர்சாதனப் பெட்டிக்குப் போகட்டும், அதிலும் முழுப்பருப்பை வைத்துவிட்டு நொறுங்கியதை முதலில் செலவழியுங்கள். வறுத்தது இரண்டு மூன்று வாரத்தில் தீரும் அளவு மட்டும். நமத்துப்போனால் மறுபடி நாலு நிமிடம் சூடாக்கினால் மீண்டுவிடும், சிக்கு வாடை வந்தது மீளாது.

அந்துப்பூச்சி முட்டை உள்ளே இருக்குமோ என்ற கவலைக்கு, முழுதாகக் காய்ந்த விதையைப் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் போதும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும்.

அடுத்த முறை விதைக்க எடுத்துவைக்கும் பங்கை உப்புத் தண்ணீர் தொடும் முன்பே பிரித்துவிடுங்கள். பெரிய தலையின் வெளி வட்டத்தில் இருக்கும் கொழுத்த விதைகள் அதற்கு. நீங்கள் வைத்தது கலப்பின ரகமாக இருந்தால் அந்த விதை தாயைப் போலவே வராது, உயரமும் பூவும் விதையும் கலந்து கட்டி வரும். அப்படிப்பட்டதை எடுத்துவைக்காமல் எல்லாவற்றையும் வறுத்துவிடலாம்.